கட்டிக்குள் இருந்தே எடுத்த மருந்து

1968ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் ராக்ஸ்பரி பகுதியில் உள்ள முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைக்கு, அறுபதைக் கடந்த ஒருவர் வயிற்று வலியோடு வந்தார். பித்தப்பையில் கோளாறு, எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. அங்கே அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருந்த, முப்பதை எட்டாத மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க் நோயாளியின் பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்துத் திகைத்துப் போனார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நோயாளியின் வயிற்றைத் திறந்தவர்கள், இரைப்பையில் புற்றுக்கட்டி இருப்பதையும் அது கல்லீரல்வரை பரவிவிட்டதையும் கண்டு, எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு மீதியை அப்படியே விட்டுத் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதன்பின் கதிர்வீச்சோ மருந்தோ எதுவும் கொடுக்கப்படவில்லை. அந்தக் காலத்துக் கணக்கில் அவர் சில மாதங்களில் இறந்திருக்க வேண்டும். பித்தப்பையை எடுக்கும்போது ரோசன்பெர்க் கல்லீரலைக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு கட்டிகூடத் தட்டுப்படவில்லை.

சிகிச்சையே இல்லாமல் பரவிய புற்றுநோய் கரைந்து போவது மிக மிக அரிது. அரிது என்றாலும் நடந்திருக்கிறது. அப்படியானால் அந்த உடலுக்குள் ஏதோ ஒன்று அதைச் செய்திருக்க வேண்டும். ரோசன்பெர்க் உடனே செய்த காரியம் இன்றைய கண்களுக்குச் சற்று வெகுளித்தனமாகத் தெரியும்: அந்த மனிதரின் ரத்தத்தை எடுத்து, இரைப்பைப் புற்றுநோயோடு அதே மருத்துவமனையில் இருந்த இன்னொருவருக்கு ஏற்றிப் பார்த்தார். எந்தப் பயனும் இல்லை. முறை தவறாக இருந்தாலும் கேள்வி சரியானது. கட்டியை அழிக்கும் ஆற்றல் உடலுக்கு உண்டென்றால் அது ஏன் பெரும்பாலானவர்களிடம் வேலை செய்வதில்லை? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடியே அவருடைய அடுத்த ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. விடை ஒரே வீச்சில் கிடைக்கவில்லை. துண்டு துண்டாக, பெரும்பாலும் தோல்விகளின் வழியாகக் கிடைத்தது. அதில் பெரும்பகுதியைக் கொடுத்தது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்.

எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கும் எண்ணம் அவருக்கு முன்பே உண்டு. 1891இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், தோலில் கடும் கிருமித்தொற்று கண்ட பிறகு ஒரு நோயாளியின் கட்டி மறைந்ததைக் கவனித்து, கிருமிகளை வேண்டுமென்றே ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார். சிலருக்குப் பலித்தது, பலருக்கு இல்லை; ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிறகு வந்த கதிர்வீச்சும் கீமோதெரபியும் அந்த முயற்சியை ஓரத்தில் தள்ளிவிட்டன. 1974 ஜூலையில், 33 வயதில், பெதெஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ரோசன்பெர்க் தலைவரானபோது, புற்றுநோய்க்கு எதிர்ப்பு சக்தி வழியே சிகிச்சை என்று பேசுபவரைச் சக மருத்துவர்கள் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள்.

ஏன் மெலனோமா? தோலில் வரும் புற்றுநோய்களில் எண்ணிக்கையில் அதிகமானவை வேறு வகைகள். அவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே மெதுவாக வளர்பவை, வெட்டியெடுத்தால் தீர்ந்துவிடுபவை. மெலனோமா அப்படியல்ல. மேல்தோலின் அடியடுக்கில், தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற கறுப்பு நிறமியைச் செய்யும் செல்கள் இருக்கின்றன. அவை ஓரிடத்தில் கூடிக் கிடப்பதைத்தான் மச்சம் என்கிறோம். மச்சத்தைப் பார்த்துப் பலன் சொல்லிப் பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படலாம். ஆனால் அந்தச் செல்களில் ஒன்று கட்டுமீறிப் பெருகினால் வருவதுதான் மெலனோமா. சில மில்லிமீட்டர் ஆழம் இறங்குவதற்குள் ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவக்கூடியது. வெள்ளைத் தோலினர் கடும் வெயிலில் வாழும் ஆஸ்திரேலியாவில் இதன் தாக்கம் உலகிலேயே மிக அதிகமான நாடுகளின் வரிசையில் இருக்கிறது. பரவிவிட்ட நிலையில், 2010 வரைக்கும், நோயாளிகளில் பாதிப்பேர் ஓராண்டைத் தாண்டவில்லை.

இவ்வளவு கொடிய நோயை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. தானாகக் கரைந்துபோகும் அதிசயம் மற்ற பல புற்றுநோய்களைவிட மெலனோமாவில் கொஞ்சம் அதிகமாகவே பதிவாகியிருந்தது. அடுத்து, பரவிய கட்டிகளில் பல தோலுக்கு அடியிலேயே முண்டு முண்டாக நிற்கும். ஓர் அறுவை மருத்துவர் அவற்றை எளிதில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம், சிகிச்சைக்குப் பின் சுருங்குகிறதா என்று விரலாலேயே தொட்டுப் பார்க்கலாம். மூன்றாவது காரணம் அன்று யாருக்கும் தெரியாது. வெயிலின் புற ஊதாக் கதிர் டிஎன்ஏயில் ஏற்படுத்தும் எழுத்துப் பிழைகள் மெலனோமா செல்களில் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு பிழையும் அந்தச் செல்லைக் கொஞ்சம் அந்நியமாக்குகிறது. அந்நியமானதை அடையாளம் காண்பதுதான் எதிர்ப்பு மண்டலத்தின் தொழில்.

அந்தத் தொழிலைச் செய்யும் முக்கியக் கைகள் டி செல் எனப்படும் வெள்ளை அணுக்கள். வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப்பிடித்து நேருக்கு நேர் கொல்பவை இவையே. ஆனால் 1970களின் நடுப்பகுதிவரை இவற்றை உடலுக்கு வெளியே உயிரோடு வளர்க்க எவராலும் முடியவில்லை. சில நாட்களில் செத்துவிடும். 1976இல் அதே பெதெஸ்டா வளாகத்தில் ராபர்ட் கேலோவின் ஆய்வகம், டி செல்களைப் பெருகவைக்கும் ஒரு புரதத்தைக் கண்டறிந்தது. பின்னாளில் இன்டர்லூக்கின்-2 என்று பெயர் பெற்ற இதன் மரபணுவை 1983இல் ஜப்பானில் ததாத்சுகு தனிகுச்சியின் குழு பிரித்தெடுக்க, பாக்டீரியாவுக்குள் அந்த மரபணுவை வைத்து வேண்டிய அளவுக்குப் புரதத்தை உற்பத்தி செய்யும் வழி திறந்தது.

அதற்குள் ரோசன்பெர்க் பலவிதமாகச் செல்களையும் இன்டர்லூக்கினையும் கொடுத்துப் பார்த்திருந்த நோயாளிகள் அறுபதுக்கும் மேல். ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். இதைக் கடந்து போய்விடக் கூடாது. இன்று விளம்பரத்தில் வரும் எதிர்ப்பு சக்தி சிகிச்சைகளின் அடித்தளத்தில் அந்த அறுபது பேரும் இருக்கிறார்கள். 1984இன் இறுதியில், உடலெங்கும் மெலனோமா பரவிய, 33 வயதான ஒரு பெண் கடற்படை அதிகாரி வந்தார். அவருக்கு மிக அதிக அளவில் இன்டர்லூக்கின்-2 செலுத்தப்பட்டது. இந்தப் புரதம் அந்த அளவில் ரத்த நுண்குழாய்களின் சுவர்களைக் கசியவிடும். ரத்தத்தின் நீர் திசுக்களுக்குள் இறங்கும், உடல் ஊதும், ரத்த அழுத்தம் சரியும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அந்தப் பெண்ணும் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போய்த்தான் மீண்டார். அடுத்த சில மாதங்களில் அவருடைய கட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. திரும்ப வரவில்லை.

1985 டிசம்பரில் வெளியான ஆய்வறிக்கையில் 25 நோயாளிகளில் 11 பேருக்குக் கட்டி குறைந்தது என்று இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க அதிபர் ரீகனின் குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அதிபருக்குப் புற்றுநோய் என்பதைப் பத்திரிகையாளர்களிடம் நேரடியாகச் சொன்ன மருத்துவர் ரோசன்பெர்க்தான். நாடே அறிந்த முகம் அவருடையது. ஆகவே பத்திரிகைகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகவே எழுதித் தள்ளின, நோயாளிகளின் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. எதிர்ப்பும் வந்தது. மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சார்ல்ஸ் மோர்டெல் 1986இல் எழுதிய தலையங்கம், இவ்வளவு நச்சும் இவ்வளவு செலவும் உள்ள ஒன்றை இவ்வளவு சொற்பப் பயனுக்காகக் கொடுக்கலாமா என்று கடுமையாகக் கேட்டது. என் கணிப்பில் இரு தரப்பும் பாதி சரி. பின்னர் 270 மெலனோமா நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது 16 சதவீதம் பேருக்கே கட்டி சுருங்கியிருந்தது. முழுவதும் மறைந்தது 6 சதவீதம் பேருக்கு. பத்திரிகைகளின் ஆரவாரத்துக்கு இது எட்டாத எண். ஆனால் முழுவதும் மறைந்த அந்தச் சிலரில் பெரும்பாலோருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் திரும்பவே இல்லை. பரவிய மெலனோமாவில் கீமோதெரபி இப்படி ஒன்றைக் காட்டியதே கிடையாது. 1998இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தபோது கணக்கில் எடுக்கப்பட்டதும் இந்த நீடிப்புத்தான்.

முதல் ஆய்வில் இன்டர்லூக்கினோடு சேர்த்துக் கொடுத்த, ரத்தத்திலிருந்து எடுத்துத் தூண்டிவிட்ட செல்களுக்குத் தனிப் பங்கு ஏதும் பெரிதாக இல்லை என்று பிற்கால ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. அப்படியானால் உண்மையில் வேலை செய்யும் செல்கள் எங்கே இருக்கின்றன? ரோசன்பெர்க் குழு இதற்குள் வேறிடத்தில் தேடத் தொடங்கியிருந்தது. மெலனோமாக் கட்டியை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், புற்றுச் செல்களுக்கு இடையிடையே டி செல்கள் புகுந்து நிற்பது தெரியும். எதிரியைத் தேடிக் கண்டுபிடித்து அந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தவை அவை. ஆனாலும் கட்டி வளர்ந்துகொண்டே இருக்கிறது. அவற்றை வெளியே எடுத்துப் பெருக்கித் திரும்பச் செலுத்தினால் என்ன? 1986இல் எலிகளில் செய்து பார்த்தார்கள். 1988இல் 20 மெலனோமா நோயாளிகளின் முடிவுகள் வெளிவந்தன. இன்டர்லூக்கினை மட்டும் கொடுத்தபோது பலன் கண்டவர்களைவிட இதில் பலன் கண்டவர்களின் விகிதம் தெளிவாகவே அதிகம்.

செய்முறையைக் கொஞ்சம் அருகே நின்று பார்க்கலாம். அறுவை அரங்கில் ஒரு கட்டி வெட்டியெடுக்கப்பட்டு, கிருமி நீக்கிய கிண்ணத்தில் ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே அதைக் கத்தியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளாக நறுக்கி, சிறு குழிகள் கொண்ட தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டு, இன்டர்லூக்கின்-2 கலந்த வளர்ப்புத் திரவத்தை ஊற்றி, உடல் வெப்பத்தில் வைக்கிறார்கள். முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு துணுக்குகளின் ஓரத்திலிருந்து உருண்டையான டி செல்கள் வெளியே வந்து குழியில் பரவத் தொடங்கும்; புற்றுச் செல்கள் குறைந்துகொண்டே வரும். இரண்டு மூன்று வாரத்தில் சில குழிகளில் புற்றுச் செல்லே மிச்சம் இருக்காது. உடலுக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அதே செல்கள், வெளியே எடுத்துப் போஷித்ததும் தங்கள் வேலையை முடித்துவிட்டிருக்கும். பிறகு அவற்றை இன்னொரு கட்டமாகப் பெருக்கி, ஆயிரம் கோடிக் கணக்கில் ஆனதும் ஒரு பையில் நிரப்பி, சொட்டுச் சொட்டாக ரத்தக்குழாய் வழியாக அதே நோயாளிக்கு ஏற்றுவார்கள். அந்த மருந்தை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

செலுத்திய செல்கள் எங்கே போகின்றன, எவ்வளவு நாள் இருக்கின்றன என்று அறிய, 1989 மே மாதத்தில் அவற்றுக்குள் ஓர் அடையாள மரபணுவைப் பதித்து அனுப்பினார்கள். மனித உடலுக்குள் அயல் மரபணு ஒன்றை முறையான அனுமதியோடு செலுத்தியது அதுவே முதல் முறை. பின்னர் வந்த மரபணு சிகிச்சைகளின் வரலாறு இந்தத் தோல் புற்றுநோய் ஆய்விலிருந்துதான் தொடங்குகிறது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. சோதனை சொன்ன பதில் உற்சாகமானதல்ல. செலுத்திய செல்கள் உடலில் அதிக காலம் தங்கவில்லை.

இதற்குத் தீர்வு கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உடலில் ஏற்கெனவே இருக்கும் வெள்ளை அணுக்கள், வளர்ச்சிக்கு வேண்டிய புரதங்களை எல்லாம் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. போதாததற்கு, எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்காமல் காக்கும் ஒருவகை டி செல்கள் புதிதாக வந்தவற்றையும் அடக்கி வைக்கின்றன. கூட்டம் நிறைந்த பேருந்தில் புதிதாக ஆயிரம் பேரை ஏற்றப் பார்த்தது போலத்தான் அதுவரை நடந்திருக்கிறது. ஆகவே முதலில் கீமோதெரபி மருந்துகளால் நோயாளியின் வெள்ளை அணுக்களை ஏறக்குறையத் துடைத்துவிட்டு, காலியான அந்த இடத்தில் வளர்த்த செல்களைச் செலுத்தினார்கள். 2002இல் வெளியான முதல் அறிக்கையில் 13 பேரில் 6 பேருக்குக் கட்டி பெருமளவு சுருங்கியது. சிலருடைய ரத்தத்தில், செலுத்திய செல்களின் வாரிசுகளே பெரும்பான்மையாகிவிட்டன. 2011இல் 93 நோயாளிகளின் முடிவு வந்தது: 56 சதவீதத்தினருக்குப் பலன், 20 பேருக்கு நோயின் தடமே இல்லை, அவர்களில் 19 பேர் மூன்றாண்டுக்கு மேலாகியும் அப்படியே இருந்தார்கள். ஒரே மையத்தில், தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம், கைதேர்ந்த குழு செய்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

இதற்கிடையில் தோலே ஒரு துப்புக் கொடுத்தது. இன்டர்லூக்கின் பெற்ற மெலனோமா நோயாளிகளில் சிலருக்கு உடலில் வெண்திட்டுகள் தோன்றின. நம் ஊரில் வெண்குஷ்டம் என்று தவறாகச் சொல்லப்பட்டு இப்போது வெண்புள்ளி என்று திருத்தப்பட்டிருக்கும் அதே நிறமிழப்பு. இதே மருந்தைப் பெற்ற சிறுநீரகப் புற்றுநோயாளிகளுக்கு இது வரவில்லை. மெலனோமாவைத் தாக்கிய டி செல்கள், அதே நிறமியைச் செய்யும் நல்ல தோல் செல்களையும் சேர்த்தே அழித்திருக்கின்றன என்பதுதான் இதன் பொருள். கட்டி கரைந்தவர்களிடமே இது அதிகமாகத் தெரிந்தது. 1994 வாக்கில் இந்தக் குழு, டி செல்கள் அடையாளம் கண்டுகொள்ளும் நிறமிப் புரதங்கள் சிலவற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தது. மனிதப் புற்றுநோயில் எதிர்ப்பு மண்டலம் எதைப் பார்க்கிறது என்பதற்கு முதன்முதலாகக் கிடைத்த கண்கூடான விடைகளில் அவையும் சேரும்.

புரதம் தெரிந்துவிட்டால் தடுப்பூசி போடலாமே என்ற ஆசை இயல்பானது. உலகெங்கும் பத்தாண்டுகள் அந்த ஆசையில் கழிந்தன. 2004இல் ரோசன்பெர்க் தன் பிரிவில் புற்றுநோய்த் தடுப்பூசி பெற்ற 440 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்: பலன் கண்டவர்கள் 2.6 சதவீதம். ஊசியால் ரத்தத்தில் டி செல்கள் பெருகியது உண்மை, கட்டி மட்டும் அசையவில்லை. தன் பிரிவின் பத்தாண்டு உழைப்பைத் தானே எண்ணிப் பார்த்து, இந்த வழி போதாது என்று எழுதிவைப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்தக் கட்டுரை பலருக்குக் கசந்தது. இருந்தும் அவர் செய்த பெரிய சேவைகளில் அதையும் ஒன்றாக நான் சேர்ப்பேன்.

உண்மையில் மெலனோமா மருத்துவத்தைத் தலைகீழாக மாற்றியது வேறொரு பாதை. டெக்சாஸ்காரரான ஜேம்ஸ் அலிசன், டி செல்லின் மேற்பரப்பில் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் பிரேக்காகச் செயல்படுவதைக் கவனித்து, அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தால் அதை மூடினால் எலிகளின் கட்டி மறைவதை 1996இல் காட்டினார். ஜப்பானில் தசுகு ஹோஞ்சோ 1992இல் கண்டறிந்த பிடி-1 இன்னொரு பிரேக். செல்களை வெளியே எடுத்து வளர்க்க வேண்டியதில்லை. பிரேக்கை விடுவித்தால் உள்ளே இருப்பவையே ஓடும். சிடிஎல்ஏ-4 எதிர்ப்பொருளை மெலனோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆரம்பகாலக் குழுக்களில் ரோசன்பெர்க்கின் பிரிவும் உண்டு: 2003இல் 14 பேரில் 3 பேருக்குக் கட்டி சுருங்கியது, கூடவே சிலருக்குக் குடலிலும் தோலிலும் கடும் அழற்சி. 2010இல் பெரிய ஆய்வு, அந்த மருந்தால் ஆயுள் நீள்வதை உறுதிசெய்தது: இடைநிலை ஆயுள், அதாவது நோயாளிகளில் பாதிப்பேர் தாண்டிய காலம், 6.4 மாதத்திலிருந்து 10.1 மாதம். 2011 மார்ச்சில் இபிலிமுமாப் என்ற பெயரில் ஒப்புதல் வந்தது; 2014இல் பிடி-1ஐத் தடுக்கும் இரு மருந்துகள் வந்தன. 2018இல் அலிசனும் ஹோஞ்சோவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பிரேக்குகள் இரண்டையும் சேர்த்து விடுவித்த நோயாளிகளின் பத்தாண்டுக் கணக்கு 2024இல் வெளியானது. பரவிய மெலனோமாவோடு சிகிச்சை தொடங்கியவர்களில் 43 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். பாதிப்பேர் ஓராண்டைக்கூடத் தாண்டாத நோயில் இந்த எண்ணைக் காணும்போது, மருத்துவப் புள்ளிவிவரங்களைப் படித்துப் பழகியவர்களுக்கும் ஒரு கணம் கண் நிற்கும்.

அப்படியானால் செல்களை வளர்த்துச் செலுத்தும் சிக்கலான வழிக்கு இனி என்ன வேலை? மீதி 57 சதவீதத்தினர்தான் அதற்கு விடை. பிரேக்கை விடுவித்தும் பலன் கிடைக்காதவர்கள், கிடைத்துப் பின் இழந்தவர்கள், பக்கவிளைவால் நிறுத்த வேண்டியவர்கள் என்று அவர்கள் பலவகை. ஆம்ஸ்டர்டாமிலும் கோபன்ஹேகன் அருகிலும் 168 நோயாளிகளை இரு பிரிவாக்கி நடத்திய ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2022 டிசம்பரில் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிடி-1 மருந்து ஏற்கெனவே பலிக்காதவர்கள். இபிலிமுமாப் பெற்றவர்களில் 21 சதவீதத்தினருக்கும், தங்கள் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களைப் பெற்றவர்களில் 49 சதவீதத்தினருக்கும் கட்டி சுருங்கியது. நோய் முற்றாமல் நின்ற காலம் 3.1 மாதத்துக்கு எதிராக 7.2 மாதம். 2024 பிப்ரவரி 16 அன்று அமெரிக்காவில் லிஃபிலியூசெல் என்ற பெயரில் இச்சிகிச்சைக்கு விரைவு ஒப்புதல் கிடைத்தது. திடக் கட்டியாக வளரும் புற்றுநோய் ஒன்றுக்கு, டி செல்லையே மருந்தாக ஏற்ற முதல் ஒப்புதல் இது. முதல் 20 நோயாளிகளின் அறிக்கைக்கும் இதற்கும் இடையே 36 ஆண்டுகள்.

இந்தத் தாமதத்துக்கு அறிவியல் மட்டும் காரணமல்ல. ஒரு மாத்திரையை ஒரே அச்சில் கோடிக்கணக்கில் செய்யலாம். இந்த மருந்தை ஒரு நோயாளிக்கு ஒரு முறைதான் செய்ய முடியும். எந்த மருந்து நிறுவனமும் அதைத் தொடத் தயங்கியதில் வியப்பில்லை. இப்போது கட்டி ஒரு மருத்துவமனையில் வெட்டப்பட்டு, குளிர்பெட்டியில் தொழிற்கூடத்துக்குப் போய், 22 நாட்கள் வளர்ந்து, உறையவைக்கப்பட்டுத் திரும்புகிறது. 2024இல் ஒப்புதல் கிடைத்தபோது அறிவித்த விலை 5,15,000 டாலர். மருத்துவமனைச் செலவு தனி. செலுத்துவதற்கு முன் கீமோதெரபி, செலுத்திய பின் பழைய இன்டர்லூக்கின்-2 என்று உடல் படும் பாடும் குறையவில்லை; சிகிச்சையாலேயே மரணம் நேரலாம் என்ற எச்சரிக்கை மருந்தின் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருக்கிறது. ஒப்புதலுக்கு அடிப்படையான 73 பேரில் பலன் கண்டவர்கள் 31.5 சதவீதம்.

கறுத்த தோலுள்ள நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா அரிது என்பது உண்மை. மெலனின் தரும் காப்பு அது. ஆனால் அரிதாக வரும்போது அது வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருகிறது. ஆறாத புண், அடிபட்டு ரத்தம் கட்டிய நகம், கால் ஆணி என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவோம். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் தொடங்கி 1981இல் அவர் உயிரைக் குடித்ததும் இந்த வகையே. இது வெயிலால் வருவதல்ல. ஆகவே மரபணுப் பிழைகளும் குறைவு, எதிர்ப்பு மண்டலம் அந்நியம் என்று கண்டுகொள்ளும் அடையாளங்களும் குறைவு. பிரேக் விடுவிக்கும் மருந்துகளுக்கு இந்த வகை மற்றதைவிடக் குறைவாகவே மசிகிறது. வெள்ளைத் தோலினரிடம் கண்ட சதவீதங்களை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்துச் சொல்லும் செய்திகளை ஐயத்தோடு படிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

அந்த அடையாளங்களைப் பற்றிய புரிதலும் மாறிவிட்டது. நிறமிப் புரதங்களைவிட முக்கியமானவை, அந்த ஒரு நோயாளியின் கட்டியில் மட்டும் உள்ள பிழைகளிலிருந்து பிறக்கும் மாற்றுருப் புரதங்களே என்று 2013 முதல் வந்த ஆய்வுகள் காட்டின. கட்டியின் மரபணுக்களை முழுவதும் படித்து, நூற்றுக்கணக்கான பிழைகளில் எதை டி செல்கள் பிடித்திருக்கின்றன என்று தேடுகிறார்கள். 2014இல் பித்தநாளப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணிடம் அப்படி ஒரே ஒரு பிழையைக் குறிவைக்கும் செல்களைப் பெருக்கிச் செலுத்தியபோது அவருடைய கட்டிகள் சுருங்கின. குடல், மார்பகம் போன்ற, உலகில் மிகுதியானோரைக் கொல்லும் புற்றுநோய்களுக்கும் இதே வழி செல்லுமா என்பதை அப்போதிருந்து சோதித்து வருகிறார்கள். பலித்தவர்கள் இருக்கிறார்கள், மெலனோமா அளவுக்கு இல்லை.

இப்போது ஆய்வகத்தில் கையைப் பிசைய வைக்கும் சிக்கல் வேறு. தொடக்கத்தில் எல்லோரும் எண்ணிக்கையைத்தான் துரத்தினார்கள். செல்கள் அதிகமானால் பலன் அதிகம் என்று நம்பினார்கள். 2020இல் ரோசன்பெர்க்கின் குழு, சிகிச்சை முழுமையாகப் பலித்தவர்களுக்கும் பலிக்காதவர்களுக்கும் செலுத்திய பைகளில் மிஞ்சியிருந்த செல்களை ஒப்பிட்டுப் பார்த்தது. பலித்தவர்களின் பைகளில், இன்னும் முதிராத, தன்னைப் புதுப்பித்துக்கொண்டு நெடுநாள் வாழக்கூடிய டி செல்கள் ஒரு சிறு பங்காக இருந்தன. மற்றவர்களின் பைகளில் இருந்தவை பெரும்பாலும் கட்டியோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோனவை. ஆனால் ஆயிரம் கோடியாகப் பெருக்கும் வேலையே செல்களை முதிர வைக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் அவை ஒரு படி கிழடாகின்றன. வளர்க்காமல் விட்டால் எண்ணிக்கை போதாது, வளர்த்தால் இளமை போகிறது. வளர்ப்புத் திரவத்தில் இன்டர்லூக்கின்-2க்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ வேறு புரதங்களை ஊற்றி, நாட்களைக் குறைத்து, அந்த இளம் செல்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெருக்க முடியுமா என்று இப்போது அந்தச் சிறு குழிகளில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.